100 ரூபாய்த் தாலந்தும் ஒரு பாட்டில் மூடியும் | கோயில் கூரை நிதி அப்டேட்

வணக்கம் மக்களே, எல்லோரும் சுகமா? இன்றைக்குச் சமையல் கிடையாது. அடுப்பையே பற்ற வைக்கவில்லை, மதியத்துக்குப் பழைய சோறும் வெங்காயமும்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூரை ஒழுகுகிற கதை உங்களுக்குத் தெரியும். பாடகர் குழுவுக்கு நடுவில் வாளி வைத்துக்கொண்டு பாடினோமே, அந்த வீடியோவுக்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கூரைக்கு நாலரை லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இத்தனை கூத்தும் அதற்காகத்தான்.

முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன், அப்புறம் சந்தோஷம். பணம் எப்படிச் சேர்க்கலாம் என்று கூட்டம் போட்டபோது முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? 50 ரூபாய் கூப்பன், குலுக்கல், முதல் பரிசு ஃபிரிட்ஜ். எனக்குக் குலுக்கல் என்றாலே ஆகாது, பழைய ஆட்களுக்குத் தெரியும். 2003-லேயே லாட்டரியை ஒழித்த மாநிலம் இது. அந்தத் தொல்லையில் குடும்பம் குடும்பமாக நொந்துபோனதை எங்கள் தெருவிலேயே பார்த்தவள் நான். கோயில் பேரைச் சொல்லி அதையே திரும்பக் கொண்டுவருவார்களாம். போதாததற்கு ஃபிரிட்ஜ் வாங்க ஒரு காசு, கூப்பன் அச்சடிக்க ஒரு காசு. மிச்சம் என்ன நிற்கும்? நல்லவேளை, பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்தது அந்தப் பேசும் பெட்டி. கியூஆர் கோடு வைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை, வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போடுகிறார்கள். ஆனால் கடையில் வைக்கிற பெட்டியை அப்படியே கொண்டுவந்து தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஐயர், அதுதான் எங்கள் போதகர், மன்றாட்டு ஜெபம் ஏறெடுக்கிறார், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறோம், பெட்டி சத்தமாக "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. பின்னாலிருந்து ஒரு சின்னப் பையன் "ஆமென்" என்றான் பாருங்கள்! நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைபிளில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிவிட்டு, போட்ட தொகையை ஸ்பீக்கரில் சொன்னால், பத்து ரூபாய் போட வந்தவள் போடுவாளா? இப்போது பெட்டியின் சத்தத்தை அணைத்துவிட்டார்கள்.

சரி, இனி நல்ல விஷயம். தாலந்துத் திட்டம். பைபிளில் மத்தேயு 25-இல் வருகிற கதைதான், எஜமான் வெளியூர் போகும்போது ஊழியக்காரரிடம் தாலந்துகளை, அதாவது அந்தக் காலத்துப் பணத்தை, கொடுத்துவிட்டுப் போவாரே. ஈஸ்டர் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கவர், உள்ளே 100 ரூபாய். விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்குள் அதைப் பெருக்கிக் கொண்டுவர வேண்டும். எங்கள் சபையில் 140 குடும்பம். ஆக முதல் மட்டும் 14,000 ரூபாய். அதை நாலு பேர் சேர்ந்து கொடுத்தார்களாம், யாரென்று இன்றுவரை வெளியே தெரியாது. அந்த நாலு பேரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நான் என்ன பண்ணுவேன், எலுமிச்சை ஊறுகாய்தான். உப்பு நம்ம தூத்துக்குடி உப்பு. மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் வீட்டில் இருந்தது. அதைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா கூடாதா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. "சேர்க்காவிட்டால் அதுவும் காணிக்கைதான், பேசாமல் கிண்டு" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிரச்சினை ஊறுகாயில் வரவில்லை, மூடியில் வந்தது. கண்ணாடி பாட்டில் வாங்கப் போனேன். பாட்டில் 14 ரூபாய். பரவாயில்லை என்று எடுத்து வைத்தால், "மூடி தனி, 6 ரூபாய்" என்கிறார் கடைக்காரர். ஏன் அண்ணாச்சி, மூடி இல்லாத பாட்டிலை யாராவது வாங்குவார்களா? வாங்கி என்ன செய்வது, பூ வைக்கவா? அதற்கும் அவர் அசரவில்லை, "மூடி டஜனாகத்தான் தருவோம்" என்கிறார். அதுவும் தகர மூடி. ஊறுகாய்ப் புளிப்புக்குத் தகர மூடி என்ன ஆகும் என்று என் வீடியோவைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பூச்சு போன இடத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு ஊறுகாயில் இறங்கி, வாங்கினவர் என் பேரைச் சொல்லித் திட்டுவார். பிளாஸ்டிக் மூடி கேட்டால் 9 ரூபாய். பாட்டில் 14, மூடி 9! நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன் என்றால், பாட்டில் கொண்டுவந்தால் 5 ரூபாய் குறைவு என்று வாட்ஸாப்பில் போட்டேன். அவ்வளவுதான், தெருவில் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, ஈரமில்லாமல் பார்த்து நிரப்பினேன். முதல் ஈட்டு விற்ற காசில் அடுத்த ஈட்டுக்கு எலுமிச்சை வாங்கினேன். கவரில் போட்டுக் கொடுத்தது 1,340 ரூபாய். மூடிக்கு நான் செலவழித்தது பூஜ்யம். அண்ணாச்சி, இதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி பனை ஓலை வாங்கிக் கொட்டான் முடைந்தார். காலேஜ் பிள்ளை ஒருத்தி கல்யாண வீடுகளில் மருதாணி போட்டாள். பையன்கள் மூன்று பேர் கவரைச் சேர்த்து ஷாம்பு வாங்கி பைக் கழுவினார்கள். இன்னொருவன் 100 ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டுக் காசு வாங்கினான். முதல் நாளே பெட்ரோல் தீர்ந்துவிட்டது, ஆனாலும் 800 கொண்டுவந்தான். இரண்டு கவர் மட்டும் அதே 100 ரூபாயோடு வந்தது, நோட்டில் மடிப்புக்கூடக் கலையவில்லை. கதையில் தாலந்தைப் பெருக்காமல் மண்ணில் புதைத்து வைத்த மூன்றாம் ஆள் எல்லா ஊரிலும் உண்டு போல.

மொத்தம் 96,000 ரூபாய் சேர்ந்தது. ஆ, சொல்ல மறந்துவிட்டேன், இந்தத் தொகையில் அந்த 14,000 முதலும் அடக்கம். நாலு பேரும் அது வேண்டாம், கூரைக்கே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

அப்புறம் ஏலம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, முருங்கைக்காய், அவரவர் முதற்பலன் எல்லாம் ஆராதனையில் படைத்து, பிறகு வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். இந்த முறை ஓர் அம்மா ஒரு சேவல் கொண்டுவந்தார். அவரிடம் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், 600 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, "சேவலைத் திரும்ப ஏலத்தில் விடுங்கள்" என்றார். அடுத்தவர் 850. அவரும் திருப்பிக் கொடுத்தார். இப்படியே சுற்றிச் சுற்றி 7,000-ஐத் தாண்டிவிட்டது. சேவலுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ஒரு கொத்து. அந்த அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

காஷ்மீரில் 2024-இல் இதே மாதிரி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சோப்பூர் பக்கம் ஒரு மசூதி கட்ட, கையில் காசில்லாதவர் ஒற்றை முட்டையைக் கொடுத்தார். அதைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டு இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்த்தார்கள், கடைசியாக எடுத்தவர் மட்டும் 70,000 கொடுத்தார். ஒரு முட்டை! பெரிய ஆளைப் பார்த்து ரசீது நீட்டுவதைவிட இந்த வழிதான் எனக்குப் பிடிக்கிறது. இல்லாதவர் கொடுத்ததை வைத்துத்தான் இருக்கிறவர் பையே திறக்கிறது.

ஏலத்தில் 71,000. இரண்டும் சேர்த்து 1,67,000. இன்னும் பாதிகூட ஆகவில்லை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டின கோயில் 1847-இல் ஆரம்பித்து 1880-இல்தான் முடிந்தது, 33 வருஷம். எங்கள் கூரை அவ்வளவு நாள் தாங்காது மக்களே.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனியில் கொஞ்சம் வரும். அதற்கு முன்னால் பிடி அரிசி தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறேன். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கினது, இன்றைக்கும் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள், வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சேருகிறது. நம்ம ஊரிலும் பாட்டிமார் காலத்தில் இருந்ததுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் சோறு பாதி குழையும், பாதி விறைக்கும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் பச்சரிசிக்கு ஒரு டின், புழுங்கலுக்கு ஒரு டின். பச்சரிசியை இடித்து இடியாப்ப மாவாக விற்றால் விலையும் கூடும், அரைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை ஐயரிடம் இந்த வாரமே பேசப் போகிறேன். உங்கள் சபையில் யாராவது பிடி அரிசி எடுத்து விற்றிருந்தால், கிலோ என்ன விலைக்குப் போனது என்று கீழே எழுதுங்கள். வரட்டுமா.