கொடைக்கானலுக்குத் தை, மாசியில் போய்ப் பாருங்கள்

[காட்சி: விடியற்காலை. கொடைக்கானல் ஏரி. தண்ணீர்மேல் ஆவி எழுகிறது.]

வணக்கம். பிப்ரவரி மாதம், புதன்கிழமை, காலை ஆறரை மணி. ஏரியைச் சுற்றி ஓடும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் சைக்கிள்காரர் இரண்டு பேர், குதிரையை நடத்திப் போகிற ஒருவர், அவ்வளவுதான். மே மாதம் இதே இடத்தில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்தவர்களுக்கு இது வேறு ஊராகவே தெரியும்.

"ஆஃப் சீசன்ல அங்க போய் என்னங்க பண்றது, ஒரே மழையா இருக்குமே?" என்று கேட்பவர்கள் நிறைய. எந்த ஆஃப் சீசன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

[காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடம். மேற்கிலிருந்து மேகங்கள் நகர்கின்றன.]

தென்மேற்குப் பருவமழை வால்பாறையையும் நீலகிரியின் மேற்குச் சரிவையும் ஜூன், ஜூலையில் வெளுத்து வாங்கும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர் அதற்குக் கிழக்கே, ஆனைமலைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் அந்த மாதங்களில் கொடைக்கானலுக்கு மிஞ்சுவது சாரலும் மூடுபனியும்தான். இங்கே பெருமழை கொட்டுவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில். மலைப்பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் அப்போதுதான். அறை வாடகை எவ்வளவு இறங்கினாலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் ஏற வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் சொல்ல வருவது வேறு ஒரு இடைவெளி. பொங்கல் கூட்டம் மலையிறங்கிய பிறகு பள்ளிக்கூடங்களில் பரீட்சைக் காலம் ஆரம்பிக்கும். குடும்பங்கள் கிளம்பாது. மழையும் ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். 1909 ஜனவரியில், இந்த ஊரின் சூரிய ஆய்வகத்தில் இருந்துதான் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். சூரியன்மேல் கருப்பாகத் தெரியும் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதே அது. எவர்ஷெட் விளைவு என்று உலகமே அதைச் சொல்கிறது. கொடைக்கானலின் தெளிந்த வானம் அப்படிப்பட்டது.

சரி, அதே தெளிந்த வானம் ராத்திரியில் நம்மை நடுங்க வைக்கும். மேகம் தரைக்குப் போர்வை மாதிரி. அது இல்லாவிட்டால் பகல் முழுவதும் வாங்கிய சூட்டைத் தரை வேகமாக இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் போலவே வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊரிலேயே பெரிய பள்ளம் எது? ஏரிதான். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது. ஜனவரி விடியலில் ஏரிக்கரைப் புல்லில் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்திருப்பது இதனால்தான்.

[காட்சி: உறைபனி படிந்த புல், மிக அருகில். ஒரு விரல் தொட்டதும் உருகுகிறது.]

எனவே, 'ஏரி தெரியும் அறை' என்று ஆசைப்பட்டுக் கரையிலேயே தங்காதீர்கள். சரிவில் கொஞ்சம் மேலே, கிழக்குப் பார்த்த ஜன்னலுள்ள அறையாகக் கேளுங்கள். விடிந்ததும் வெயில் உள்ளே வரும். போனிலேயே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா? இந்த மாதங்களில் வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆனால், கூடுதல் கம்பளி தருவார்களா என்பதைப் பேசி முடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஜன்னல் சாத்திய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் அப்படிப் போயிருக்கிறது. கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் அது வெளியிலேயே இருக்கட்டும்.

[காட்சி: கோக்கர்ஸ் வாக், மாலை நேரம்.]

மலை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதைதான் கோக்கர்ஸ் வாக். அங்கே காலையில் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாலையை அதற்கு ஒதுக்கிப் பாருங்கள். தாழ்ந்த வெயில் முதுகில் பட, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி நின்றால், உங்கள் நிழல் அந்தப் பனியின்மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையமும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், உங்களுடையது தெரியாது. இது அபூர்வம்தான். ஆனால் கூட்டம் தள்ளாத மாதத்தில்தான் இதற்காக அரை மணி நேரம் காத்து நிற்க முடியும்.

கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்கும் அது வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வேண்டாம், மலையில் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் போதும்.

[காட்சி: பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்கள்.]

ஒரு முழு நாளைப் பக்கத்துக் கிராமமான பூம்பாறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாளோடு கொத்தாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டுப் பல மாதம் வைத்திருப்பார்கள். ஒரு பல்லை நசுக்கினால் காரம் மூக்கில் ஏறும். வாங்கி வந்தால் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைக்காதீர்கள். சமையலறையில் காற்றாட ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.