சாம்பார் வாளியும் செமஸ்டர் ஃபீஸும்

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வெயிலில் வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே (போன கூட்டத்திலும் அவர்தான் போர்த்தினார், வீட்டில் பீரோ போதவில்லை), மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கொரோனா காலத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்த பிள்ளைகளின் பாட்டை வருமானம், வகுப்பு, மனசு என்று மூன்றாகப் பிரித்துப் பேச வந்தேன். அதற்கு முன், எல்லா மேடையிலும் நான் சொல்கிற பழமொழி: அழுத பிள்ளை பால் குடிக்கும்.

எங்கள் மதுரைப் பக்கம் பல பையன்கள் முகூர்த்த நாளில் பந்தி பரிமாறித்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறார்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் போச்சு. அப்புறம் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். 50 பேருக்குச் சாம்பார் ஊற்றத் தாய்மாமனே போதும், கூலிக்குப் பையன் எதற்கு?

என்னிடம் பொருளியல் படித்த ஒருவன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். போன் சட்டைப் பையில், ஆன்லைன் வகுப்பு காதில். ஒருநாள் கேட்கிறேன், "வரத்து கூடினால் விலை என்ன ஆகும்?" நாற்பது பேரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திடீரென்று ஒரு குரல்: "தக்காளி வரத்து ஜாஸ்தியாயிருச்சு, பெட்டி நூறு ரூவா, தூக்கிட்டுப் போங்கய்யா!" இவன் மைக்கை அணைக்க மறந்திருக்கிறான். "பதில் முழுக்கச் சரி, மார்க்கை யாருக்குப் போட?" என்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

சாயங்காலம் போனில் கூப்பிட்டு, கஷ்டமா தம்பி என்றேன். "மூட்டை தூக்குறப்ப ஹெட்போன் காதுல நிக்க மாட்டேங்குது சார்" என்றான். அவ்வளவுதான். அழத் தெரியாத பிள்ளை.

இரண்டாவது, வகுப்பு. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவருக்குத் தினம் 2 ஜிபி டேட்டா என்று அரசு அறிவித்தது, நன்றி. போன் இல்லாதவன் பாடு... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2020-ல் நலவாரியத்தில் பதிந்திருந்த கட்டுமானத் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் 1000 ரூபாய் கிடைத்தது. பந்திப் பையனுக்கு? கல்லூரிக் கணக்கில் அவன் மாணவன், மண்டபக் கணக்கில் 'பசங்க பத்துப் பேர்'. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. 2023-ல் உணவு டெலிவரி செய்கிறவர்களுக்கும் வாரியம் வந்தது. அவர்கள் அழுதார்கள், பால் வந்தது. வேலை பார்க்கிற மாணவனையும் பதிந்து அட்டை கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மனசைப் பற்றி இன்னொரு நாள். வாசலில் மனு நோட்டு இருக்கிறது. கேட்டரிங் போகிற தம்பிகள் கூச்சப்படாமல் எந்த மண்டபம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம். போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போனது.