எழுத்துக்கு முன்னால் ஓசை
(கல்லிடைக்குறிச்சியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வரவேற்புரை வழங்கிய தலைமையாசிரியர் அவர்களே, சாரலையும் பொருட்படுத்தாமல் பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் அங்கன்வாடி ஆசிரியைகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் தம்பிக்குத் தனியாக என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முதலாவது காது, இரண்டாவது வீடு, மூன்றாவது கை.

'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்றாள் ஔவை. நாம் என்ன செய்கிறோம்? மூன்று வயசுப் பிள்ளையை 247 எழுத்து போட்ட அட்டைக்கு முன்னால் நிறுத்தி, 'சொல்லு' என்கிறோம். அது பாட்டு மாதிரி ஒப்பித்துவிடும். 'அம்மி'யில் முதல் ஓசை எது என்று கேட்டால் முழிக்கும்.

விளையாட்டாகச் செய்து பாருங்கள். ஒரு சுளகில், அதாவது முறத்தில், செப்புச் சாமான்களைப் பரப்புங்கள், பிள்ளைகள் விளையாடும் சின்னச் சின்ன மரச் சாமான்களைத்தான் சொல்கிறேன். அம்மி, ஆட்டுரல், உரல், உலக்கை, பானை, குடம். 'உ...' என்று இழுங்கள். உரலும் உலக்கையும் பிள்ளை கைக்கு வரட்டும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். ஆனால் ழ, ள, ண, ன, ற, ட இந்த ஆறும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அவற்றில் ழ, ள, ண, ன நான்குக்கும் கடைசி ஓசை விளையாட்டுதான் சரி. நெல், கல் ஒரு பக்கம். முள், தேள் ஒரு பக்கம். கூழ், யாழ் இன்னொரு பக்கம்.

ழகரம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு பால்வாடி. டீச்சர் பிள்ளைகள் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, 'ள சொன்னா நாக்கு மேல ஒட்டும், ழ சொன்னா மடங்கும், ஒட்டாது' என்று விளையாட்டுக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் தாத்தா, 'ஏட்டி, அந்த வாளப்பளத்த எடு' என்றிருக்கிறார். பேத்தி பழத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். 'தாத்தா, நாக்கு ஒட்டக் கூடாது.' 'ஒட்டுனா என்னட்டி, பளம் பளந்தான?' 'பழம்னு சொன்னாத்தான் தருவேன்.' கண்ணாடி வந்தது. தாத்தா வாயைத் திறந்தார், மடக்கினார், கண்ணில் நீர் வருமட்டும் மடக்கினார். ஆச்சி அடுக்களையிலிருந்து வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு வழியாகப் பழம் கைக்கு வந்தது. மறுநாள் காலையில் டீக்கடையில் போய், 'ஒரு வாழைப்பழம் குடுப்பா' என்றாராம். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, 'என்ன அண்ணாச்சி, ரேடியோவுல செய்தி வாசிக்கப் போறீயளா?' என்றாராம்!

நாப்பழக்கம் ஐயா, நாப்பழக்கம்! எந்த வயசிலும் வரும். சின்ன வயசில் சுலபமாக வரும்.

அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. பாடலும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் காதும் நாவும் அதற்கும் முன்னால், பால்வாடியிலேயே பழக வேண்டும். அங்கே பிள்ளை கையில் என்ன இருக்கிறது? ஓரம் கீறும் பிளாஸ்டிக் சாமான். பக்கத்திலேயே நம் அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, அரக்கு ஏற்றி, வழவழவென்று செப்பு செய்கிறார்கள். இந்தக் கூட்டத்திலும் கடைசல்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், எழுந்து நில்லுங்கள் ஐயா. நல்ல மரம் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை, பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை என்கிறார்கள். செந்தமிழ் நாப்பழக்கம் என்றால் இந்தச் செப்பு கைப்பழக்கம். இரண்டையும் ஒரே சுளகில் காப்பாற்றலாம்.

வட்டாரக் கல்வி அலுவலர் அம்மாவிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு பால்வாடிக்கும் ஒரு சுளகும் ஒரு பெட்டி அம்பாசமுத்திரச் செப்பும் கிடைக்க மேலிடத்துக்கு எழுதுங்கள். அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். எந்த ஊர்ப் பால்வாடிக்கு யார் வாங்கித் தருகிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.