பேஸ் கிட்டாரின் வயிற்றுக்குள்ளே

நேயர்களுக்கு வணக்கம். பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "அண்ணே, எந்தப் பிக்கப் வாங்கிப் போடலாம்?" என்றுதான். பிக்கப் என்றால் கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். நான் சொல்லும் பதில் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதலில் குமிழ்கள் இருக்கிற தகட்டைக் கழற்றி உள்ளே பாருப்பா என்பேன்.

என்னிடம் இருப்பது, ஃபெண்டர் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் மலிவுப் பிரதி. இரண்டு வால்யூம், ஒரு டோன், மூன்று குமிழ்களின் மின்தடையும் 250 கிலோ ஓம் இருக்க வேண்டும். கழற்றி மீட்டரில் வைத்தால் ஒன்று 190தான் காட்டியது. இவை மூன்றும் பிக்கப்புக்கு இணையாகத் தொங்குவதால், மூன்றும் சரியாக 250 இருந்து, எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து வைத்தாலும் சுமார் 83 கிலோ ஓம் வழியாக ஓசையின் கூர்மை கொஞ்சம் எர்த்துக்குக் கசிந்துகொண்டேதான் இருக்கும், மதிப்பு குறையக் குறைய கசிவும் கூடும். மூன்றையும் மாற்றினேன். சத்தம் மேலே மூடியிருந்த போர்வையை உருவியது போல இருந்தது.

டோன் குமிழோடு சேர்ந்து கூர்மையை எர்த்துக்கு வடித்துவிடும் கண்டென்சர் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். டோன் குமிழை மூடும்போதுதான் அதன் மதிப்பு காதில் விழும். 0.047 மைக்ரோ ஃபாரட் போதும். எண்ணெய்க் காகிதம், அது இது என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அந்தக் காசுக்குக் கிட்டாருக்குப் புது வாசிப்புக் கம்பிகள் மாட்டுங்கள், வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

அப்புறம் இரைச்சல். உட்குழியில் தாமிர டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால், டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் கிளப்பும் கரகரப்பு நன்றாகக் குறையும். ஆனால் பிக்கப்பின் காயில், அதாவது கம்பிச் சுருள், கரண்ட் லைனிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அது மருந்தில்லை. ஜாஸ் பேஸில் இரண்டு காயில்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் உறுமல் தானே அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் பிரீஆம்ப், அதாவது கிட்டாருக்குள்ளேயே வைக்கிற சின்ன ஆம்ப்ளிஃபயர். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் உள்ளே 9 வோல்ட் பேட்டரியோடு இருந்ததே, அந்த வகை. நீளக் கேபிளில் கூர்மை தொலைவதை இது தடுக்கும், தாழ்ந்த ஓசையையும் (பேஸ்) கூர்மையான ஓசையையும் (டிரெபிள்) கூட்டிக் குறைக்கலாம். பிக்கப்பில் வராத ஓசையை மட்டும் உண்டாக்காது. ஒரு கல்யாணக் கச்சேரியில், தாளம் சூடு பிடித்த நேரத்தில் என் பேஸ் தும்மித் தும்மி ஓய்ந்துபோனது. முந்தின ராத்திரி கேபிளைப் பிடுங்காமல் தூங்கிவிட்டேன். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன! மறுநாளே பிரீஆம்பைத் தாண்டிப் போகிற சுவிட்ச் ஒன்று வைத்தேன்.

இன்னொன்று. வாசிப்புக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயரை ஈயம் வைத்துச் சரியாகப் பற்றவையுங்கள், அதனால்தான் வாசிப்புக் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறது. அதே எர்த் வயர் உங்கள் கையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைக்கிறது, ஆகவே மேடையில் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எர்த்தைச் சோதிக்கும் சாக்கெட் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கிட்டாரைத் தோளில் மாட்டுங்கள்.