கணையமும் வாராந்திர ஊசியும்

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இந்த ஊரில் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல்கூட வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்த வணிகப் பெருமக்களே, முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார் என் தகப்பனார். இன்று மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். கணையத்தின் வேலை என்ன, எடை குறைக்கும் ஊசி அதை என்ன செய்கிறது, கணையப் புற்றுநோய் பற்றிய அச்சம் சரிதானா.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. ஒரு சாண்கூட இராது. உணவைக் கரைக்கும் சாற்றைக் குடலுக்கு அனுப்புவதும் அதுதான். இன்சுலினை இரத்தத்தில் விடுவதும் அதுதான். நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் கிளம்பி, "சர்க்கரை ஏறுகிறது, இன்சுலினை விடு" என்று கணையத்திடம் சொல்லும். இரண்டொரு நிமிடத்தில் சிதைந்தும் போகும். எடை குறைக்கும் ஊசியில் இருக்கும் செமாகுளூட்டைடு அதே செய்தியைச் சொல்லும் மருந்து. ஆனால் ஒரு வாரம் கழித்தும் போட்ட மருந்தில் பாதி உடம்பில் தங்கியிருக்கும். சர்க்கரை ஏறியிருக்கும்போது இன்சுலினைக் கூட்டும், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற ஹார்மோனைக் குறைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையில் பசியை அடக்கும். சர்க்கரை நோயாளிக்கும் உடற்பருமனால் அவதிப்படுவோருக்கும் இது பெரிய வரம். அதை நான் மறுக்கவில்லை.

இப்போது என் சித்தி மகளின் கதை. மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பட்டு ரவிக்கை இறுக்குகிறது என்று கவலை. நாத்தனார் மருத்துவர் சொல்படி ஊசி போட்டு இளைத்தவர். "என்னிடம் மிச்சம் இருக்கிறது, போட்டுக்கோ அண்ணி" என்று மருந்து அடைத்த ஊசிப் பேனாவைக் கொடுத்துவிட்டார். செமாகுளூட்டைடை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். நாத்தனார் மாதக்கணக்கில் ஏறி வந்து நின்ற அளவை இவள் முதல் நாளே போட்டுக்கொண்டாள். ஊசிமுனையை மாற்றினால் போதும் என்று நினைத்தார்கள். ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம், இரவு. மேல்வயிற்றில் வலி, முதுகுக்குப் பாய்கிறது. "வாயு" என்றார் மாமியார். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். மோரில் பெருங்காயம் கொடுத்தார்கள். வாந்தி நிற்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. விடியும்வரை அப்படியே இருந்திருக்கிறாள். மருத்துவமனையில், "புதிதாக மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டதற்கு "இல்லை" என்றாள். பொய் சொல்லவில்லை ஐயா! இளைக்கப் போடும் ஊசியை அவள் மருந்து என்றே நினைக்கவில்லை. சின்ன மகன்தான், "ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் ஒரு பேனா இருக்கிறதே" என்றான். இரத்தத்தில் லைபேஸ் என்ற கணையச் சாற்றுப் பொருள் இயல்பைவிட மும்மடங்குக்கு மேல். கணைய அழற்சி. ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள். பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் திறக்கும் வாய் ஒன்றே; கல் அங்கே அடைத்தால் கணையம் வீங்கும். உடம்பு வேகமாக இளைத்தால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. "ஊசியா, கல்லா என்று பிரித்துச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். பிழைத்தாள். தாரை வார்க்கும்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் இப்படி வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. 2014இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தனியே ஆராய்ந்து, சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், இந்த வகை மருந்துகள்தான் கணைய நோயை உண்டாக்குகின்றன என்ற கூற்றுக்குச் சான்றுகள் பொருந்தவில்லை என்றன. ஆனாலும் எச்சரிக்கையை எடுக்கவில்லை. பிரிட்டனில் 2025 ஜூனில், இந்த ஊசியால் யாருக்குக் கணைய அழற்சி வருகிறது என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டா என்று ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். தாங்காத மேல்வயிற்று வலி வந்தால் ஊசியை நிறுத்து, உடனே மருத்துவரைப் பார் என்று, சந்தேகம் முழுதும் தீராததால்தான் மருந்துத் தாளில் அச்சிடுகிறார்கள்.

அந்தத் தாளை நான் பார்த்தேன் தாய்மார்களே! நாத்தனார் வீட்டு அலமாரியில், பெட்டிக்குள், மடித்தது மடித்தபடி. விரித்தால் ஒரு துண்டு அகலம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. முழுக்க ஆங்கிலம். சித்தி மகள் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோமே, ஆழத்தை அவளுக்குத் தெரியாத மொழியில் எழுதி வைத்தால் அவள் என்ன செய்வாள்? நான் நான்கு ஆண்டாகக் கேட்பது இதைத்தான். மருந்துப் பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள்! எப்போது நிறுத்த வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்ற பத்து வரியாவது வேண்டும். 2026 மார்ச்சில் செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை முடிந்தது. விலை இறங்க இறங்க, அந்தப் பேனா இன்னும் எத்தனை வீட்டுத் தோசை மாவுக்குப் பின்னால் போய் உட்காரும்!

புற்றுநோய் பற்றிப் பேச நேரமில்லை; தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். மருத்துவர் அம்மாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். கோரிக்கை மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். நன்றி, வணக்கம்.