காலி வாத்தியத்துல ஆளை உட்கார வைப்போம்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, வேலூர் மக்களே, வணக்கம். பத்து மணிக்கு மைக்கை அணைக்கணும், அதனால நேரா வந்துடறேன். தலைப்பு என்ன? "வேலூர் ராத்திரிக்கு அழகு, தேர்ந்த பாடகர் பாட நாம கேட்கிற கச்சேரியா? ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க நாமளே மேடையேறிப் பாடுற லைவ் பேண்ட் கரோக்கியா?" நான் ரெண்டாவது கட்சி.

எதிரணித் தலைவர் உட்காரும்போது ஒரு குத்து குத்திட்டுப் போனாரு. "இவங்க ஆளுங்க பாடினா, அந்தக் காலத்துல கோட்டை அகழியில விட்டிருந்த முதலையெல்லாம் கரையேறி, காட்பாடி ஸ்டேஷனுக்கு ஓடி, ரயிலேறிப் போயிருக்கும்"னாரு. நீங்களும் கைதட்டினீங்க. கைதட்டினவங்க எல்லாருக்கும் சேர்த்து எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன்.

பெரியப்பா குடியாத்தத்துல லுங்கி நெய்யறவரு. கைத்தறி. நாப்பது வருஷமா மிதி மிதிச்சுக்கிட்டே பாடினவரு. தறிக்குழிக்கு வெளியில அவர் பாடி யாரும் கேட்டதில்ல. ஒரு காதுகுத்துல பசங்க அவரை இழுத்துவந்து, செல்போன்ல, குரல் இல்லாம வாத்தியம் மட்டும் ஓடுற மைனஸ் ட்ராக்கைப் போட்டு, ஸ்பீக்கர்ல மாட்டி, கையில மைக்கைக் கொடுத்துட்டாங்க. பல்லவி வந்துடுச்சு. சரணத்துல மூச்சு வாங்க ஒரு நொடி நின்னாரு. ட்ராக் நிக்குமா? எழுத்து கலர் மாறி மாறி ஓடுது, வயலின் ஓடுது, பெரியப்பா மட்டும் வாயைத் திறந்தபடி நிக்கறாரு. மைக்கை நாற்காலி மேல வெச்சுட்டு இறங்கிட்டாரு. அன்னிக்குச் சாப்பிடக்கூட இல்ல.

அடுத்த வருஷம் எங்க அக்கா ரிசப்ஷன். ஆர்க்கெஸ்ட்ரா வந்திருந்தது. கீபோர்டு, தபலா, பேஸ் கிட்டார், பேடு. "சொந்தக்காரங்க யாராவது பாடுறீங்களா"ன்னு கேட்டாங்க. பெரியப்பா தூணுக்குப் பின்னால போயிட்டாரு. கீபோர்டு தம்பியே இறங்கிவந்து, "நீங்க பாடுங்க பெரியவரே, நாங்க பின்னாலயே வர்றோம்"னாரு. இந்த ஒரு வார்த்தையைக் கவனிக்கணும் நடுவர் அவர்களே. பின்னாலயே வர்றோம்!

ஏறினாரு. அதே பாட்டு. ஒரு கட்டை கீழ எடுத்தாரு, கீபோர்டும் ஒரு கட்டை கீழ வந்துச்சு. அதே சரணம் வருது. அதே இடத்துல மூச்சு நிக்குது. எங்களுக்கெல்லாம் உயிர் போகுது. தபலாக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா? பெரியப்பா முகத்தைப் பார்க்கல. காலைப் பார்த்தாரு! நாப்பது வருஷமா மிதி மிதிச்ச கால், மேடைப் பலகையை மிதிச்சுக்கிட்டு இருக்கு. டக்கு... டக்கு... டக்கு... தபலா அந்தக் காலோட சேர்ந்துக்கிச்சு. கீபோர்டு ரெண்டு ஸ்வரத்தையே பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்துது, ரெண்டு சுத்து சுத்துது, மூணாவது சுத்துல பெரியப்பா வந்து நுழைஞ்சாரு பாருங்க!

மறுபடியும் சொல்றேன். யாரைப் பார்த்து வாசிச்சாரு? காலைப் பார்த்து! எந்த மிஷின்யா காலைப் பார்க்கும்? பந்தியில சாம்பார் வாளியோட நின்ன பெரியம்மா அப்படியே வாளியோட மண்டபத்துக்குள்ள வந்துட்டாங்க. கல்யாணமான நாள்லருந்து தறிச் சத்தத்தோட கேட்ட குரல் அது, இப்ப தபலாவோட வருது. எதிரணித் தலைவரே, அன்னிக்கு முந்நூறு பேர் இருந்தோம். ஒருத்தர்கூட ஓடல.

"கரோக்கி ஜப்பான் சரக்கு, வேலூருக்கு எதுக்கு நைட் லைஃப்?"னும் கேட்டாங்க. ஜப்பான் கதையைக் கேளுங்க. கோபே நகரத்துல டைசுகே இனோவேன்னு ஒரு வாத்தியக்காரர். மதுக்கடைகள்ல வாடிக்கையாளர் பாட, அவங்க போக்குக்கு வாசிச்சவர். ஒரு வாடிக்கையாளர் வெளியூருக்குக் கூப்பிட்டாரு, இவரால போக முடியல, வாசிப்பை டேப்ல பதிஞ்சு கொடுத்தனுப்பினாரு. அங்கேருந்து 1971ல பிறந்ததுதான் அவரோட மிஷின். காப்புரிமைகூட வாங்கல. 2004ல அவருக்கு இக் நோபல் கொடுத்தாங்க, அதாவது முதல்ல சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற காரியத்துக்குக் கொடுக்கிற வேடிக்கைப் பரிசு. எந்தப் பிரிவுல? அமைதிப் பிரிவுல! ஒருத்தரை ஒருத்தர் பொறுத்துக்கக் கத்துக்கொடுத்ததுக்காக. முதலைக் கதைக்கு இதுவும் ஒரு பதில்தான். ஆக, முதல்ல இருந்தது ஆள், மிஷின் வந்தது ஆள் வர முடியாததால. லைவ் பேண்ட் கரோக்கி அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவருது.

கரோக்கின்னாலே 'காலி ஆர்க்கெஸ்ட்ரா'ன்னுதான் அர்த்தம். காலின்னா என்னன்னு நமக்கா தெரியாது? தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு நம்மைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. கோட்டைக்குள்ள சாமியில்லாத கோயிலை அப்படியே விட்டோமா? 1981ல சத்துவாச்சாரியிலருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரரை உட்கார வெச்ச ஊர் இது. காலி ஆர்க்கெஸ்ட்ராவுல ஆளை உட்கார வைக்கமாட்டோமா?

அப்புறம் ராத்திரி. வட ஆற்காட்டுக்காரனுக்கு ராத்திரியைப் புதுசா யாரு கத்துக்கொடுக்கணும்? விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவங்க நாம. வேஷம் கட்டினவர் ஒரு அடி பாட, பின்பாட்டுக்காரங்க அதை வாங்கிப் பாடி, அடவு முடியற வரைக்கும் மிருதங்கம் காத்திருக்கும். காத்திருந்து வாசிக்கிறது நம்ம சொத்துங்க.

மணி அடிக்காதீங்க நடுவர் அவர்களே, ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல லாட்ஜுங்க இருக்கிற தெரு உங்களுக்குத் தெரியும். வங்காளத்துலருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காகக் கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. அங்க ஒரு கோயில் விசேஷம். நம்ம பசங்க வாசிக்க, தெருக்காரங்க ஒவ்வொருத்தரா ஏறிப் பாடினாங்க. ஓரமா ஒரு வங்காளத்துக்காரர், கையில கஞ்சித் தூக்கு. வீட்டம்மா வார்டுல இருக்காங்க, வந்து ரெண்டு மாசம் ஆச்சுன்னு டீக்கடைக்காரர் சொன்னாரு. அந்த வங்காளத்துக்காரர், தானும் பாடறேன்னு கையைத் தூக்கிட்டாரு.

என்ன பாட்டுன்னு யாருக்கும் தெரியாது. பாஷையும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சாரு. முதல் ரெண்டு வரிக்கு வாத்தியமே இல்ல. மூணாவது வரியில கீபோர்டு தம்பி சுருதியைக் கண்டுபிடிச்சு மெதுவா கீழ விரிச்சாரு. நாலாவது வரியில தபலா. பாதியில அவருக்குக் குரல் உடைஞ்சுபோச்சு. நம்ம பசங்க நிறுத்தல. அவர் தோள்துண்டால முகத்தைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும் அந்த ஒரு வரியையே வாசிச்சுக்கிட்டு நின்னாங்க. அவரு முழுசாப் பாடி முடிச்சு, தூக்கை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துட்டாரு.

மறுநாள் ராத்திரியும் அதே இடத்துல கச்சேரி. கீபோர்டு தம்பி வாசிச்சுக்கிட்டே தெருமுனையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த வங்காளப் பாட்டைக் காலையிலேயே தேடிப் பிடிச்சுப் படிச்சு வெச்சிருந்தாரு.

நன்றி, வணக்கம்.