ஒரே பத்திரிகைக்கு இரண்டு முதல் இதழ்கள்

[காட்சி: மேசை மேல் பழுப்பேறிய இரண்டு இதழ்கள்]

வணக்கம். ஒரு பத்திரிகைக்கு எத்தனை முதல் இதழ் இருக்கும்? பிரான்ஸின் 'நுவெல் ரெவ்யு ஃபிரான்சேஸ்' இலக்கியப் பத்திரிகைக்கு இரண்டு.

1908 நவம்பர் 15. எழுத்தாளர் ஆந்த்ரே ழீதும் நண்பர்களும், இன்னொரு எழுத்தாளரான எழேன் மோன்ஃபோரோடு சேர்ந்து முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கவிஞர் மல்லார்மேயைத் தாக்கி ஒரு கட்டுரை. இளம் வயதில் மல்லார்மே வீட்டுச் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர் ழீத். பொறுப்பாரா? ஒரே இதழோடு கூட்டு உடைந்தது. 1909 பிப்ரவரி 1-ஆம் தேதி, மோன்ஃபோர் இல்லாமல், மறுபடியும் 'எண் 1' என்று போட்டே தொடங்கினார்கள். ழீதின் 'இடுக்கமான வாசல்' நாவல் தொடராக வர ஆரம்பித்தது இந்த இரண்டாவது ஒன்றில்தான். அதனால் யாராவது "முதல் இதழ்" என்று விற்றால், முதலில் தேதியைப் பாருங்கள்.

[காட்சி: தோல் பைண்டிங் செய்த தொகுப்பு]

இது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பைண்டிங் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பெரும்பாலும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அந்த மாதம் என்ன புத்தகம் வந்தது, என்ன விலை என்பதெல்லாம் அதோடு போச்சு. ஓரம் கிழிந்திருந்தாலும் அட்டையோடு இருக்கும் தனி இதழைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

'ரெவ்யு பிளாஞ்ச்' என்ற இன்னொரு பிரெஞ்சுப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1893, 94 இதழ்களில் பொன்னார், வுய்யார், துலூஸ்-லோத்ரெக் போன்ற ஓவியர்களின் அசல் கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சடித்தவை) சேர்ந்து வந்தன. படத்தை உருவி ஃபிரேம் போட்டுவிட்டு, மிச்சத்தை விற்பவர்கள் உண்டு. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'கலிகா' தளத்தில் பழைய இதழ்களை இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாரிஸ் போனால், ழோர்ழ் பிராஸன்ஸ் பூங்காவில் வார இறுதியில் கூடும் பழைய புத்தகச் சந்தையை விட்டுவிடாதீர்கள்.

[காட்சி: விரல் நுனியில் ஒரு தாள்]

மரக்கூழ்க் காகிதம், அமிலம் ஏறி, மடக்கினால் அப்பளம் மாதிரி ஒடியும். தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதீர்கள், கறை போகவே போகாது.

[காட்சி: மேல் விளிம்பு மூடிய பக்கங்கள்]

அந்தக் காலத்தில் அச்சடித்த தாளை மடித்துத் தைத்து, விளிம்பை வெட்டாமல் அப்படியே அனுப்புவார்கள். வாசகர்தான் கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். வெட்டாத பிரதிக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். எனக்கு அதைவிடப் பிடித்தது, நாவல் வரும் பக்கங்கள் மட்டும் வெட்டப்பட்டு, மற்றதெல்லாம் மூடியே கிடக்கும் பிரதி.